‘அல்ட்ராலைட் கனூ செட்’ வாங்கப் போகிறவர்கள் காசு கட்டமுன் இதை வாசியுங்கள்

ரொறன்ரோ பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடாரம், ஸ்லீப்பிங் பாக், கீழே விரிக்கும் காற்றுப்பாய், தண்ணீர் புகாத ட்ரை பாக் நான்கையும் ஒன்றாகக் கட்டி ‘கனூ ட்ரிப்புக்கான அல்ட்ராலைட் செட்’, அதாவது துடுப்பு வள்ளப் பயணத்துக்கான பாரம் மிகக் குறைந்த செட், என்று ஒரு கடை விற்கிறது. விளம்பரம் தமிழிலும் வருகிறது. ஒரு செட் 780 டொலர். கூடாரம் எங்கள் மூவருக்கும் ஒன்று, மற்றவை ஆளுக்கொன்று என்று சேர்த்து வாங்கினோம். சொன்ன விபரத்தோடு ஒத்துப்போன சாமான் ஒன்றுகூட அதில் இல்லை. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பொய்யைக் கண்டுபிடிக்கலாம், அதற்குத்தான் இவ்வளவு விபரம்.

வாங்கமுதல் எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். செப்டம்பர் கடைசியில் அல்கொங்குவின் பூங்காவுக்குப் போகிறோம், நானும் மச்சானும் பன்னிரண்டு வயது மகனும், கனூ லேக்கில் இறங்கி ஜோ லேக் தாண்டி பேர்ண்ட் ஐலன்ட் லேக் வரை, இரவில் நல்ல குளிர் இருக்கும், மழையும் வரலாம் என்று. கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். “அண்ணை, நானும் வருசா வருசம் போறனான். இதைக் கொண்டு போங்கோ, ஒரு சொட்டு உள்ள வராது. சைபர் பாகை வரைக்கும் பிள்ளை வடிவா நித்திரை கொள்ளும்” என்றார். இந்தச் சொற்கள் முக்கியம். அவர் ஊகித்து விற்கவில்லை. எங்கே போகிறோம், யார் போகிறோம் என்பது தெரிந்துதான் விற்றார்.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு விளக்கம். அல்கொங்குவின் 1893இல் தொடங்கிய பூங்கா, 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. ஹைவே 60ஐ விட்டு உள்ளே போய்விட்டால் ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் ரோட்டு கிடையாது. பெரும்பாலான இடங்களில் கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. ஓர் ஏரி முடிந்ததும் வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையால் அடுத்த ஏரிக்கு நடக்கவேண்டும், அதைத்தான் போர்ட்டேஜ் என்கிறார்கள். கனூ லேக்கிலிருந்து ஜோ லேக்குக்கு முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே இன்னும் நீளமானவை உண்டு, கிலோமீட்டர் கணக்கிலும் உண்டு. பாரம் குறைந்த சாமானை எல்லோரும் தேடுவது அந்த நடைக்காகத்தான். தண்ணீரில் போகும்போது அரைக் கிலோ கூடினால் துடுப்பு வலிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. தோளில் ஏற்றினால் தெரியும். இந்தத் தேவையை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். பாரத்தைக் குறைத்துச் சொன்னால் ஆட்கள் மற்றது ஒன்றையும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

முதல் பொய் அந்தப் பாரம்தான். கூடாரம் 1.1 கிலோ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. கொழும்புக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்கிற கொளுவுத் தராசு எங்கள் வீடுகளில் எப்போதும் கிடக்கும், அதில் கொளுவினேன். தடி, முளை, கயிறு, பை எல்லாமாக 1.9 கிலோ. “அது மினிமம் வெயிட் அண்ணை” என்றார் கடைக்காரர். மினிமம் வெயிட், ட்ரெயில் வெயிட் என்று ஒரு கணக்கு உண்மையிலேயே உண்டு: உட்கூடாரம், மேலே போர்க்கும் ஃப்ளை, தடிகள் மட்டும். முளையும் பைகளும் அதில் சேராது. நல்ல கம்பனிகள் அதையும் முழுப் பாரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதும். ஆனால் இவருடைய கூடாரத்தை அந்த மூன்றோடு மட்டும் நிறுத்தாலும் 1.6 வந்தது. 1.1 எங்கிருந்து வந்தது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. எந்தக் கடையிலும் முழுப் பாரத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

இரண்டாவது பொய் மழை. துணி இருபக்கமும் சிலிக்கோன் பூசிய சில்நைலோன், தையல் எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையிலேயே டேப் ஒட்டியிருக்கு, 3,000 மில்லிமீட்டர் தண்ணீர் அழுத்தம் தாங்கும் என்பது விளம்பரம். துணியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதிலேயே சந்தேகம் வரவேண்டும். சிலிக்கோன் பூசிய பக்கத்தில் தொழிற்சாலைகள் வழக்கமாக ஒட்டும் தையல் டேப் பிடிக்காது. அதனால்தான் இருபக்கமும் சிலிக்கோன் போட்ட நல்ல கூடாரங்களுக்குத் தையலில் சிலிக்கோன் பசை பூசுகிறார்கள், அல்லது வாங்கியவரே பூசும்படி பசையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டேப் ஒட்டவேண்டுமென்றால் துணியின் உட்பக்கம் பொலியூரித்தேன் பூச்சு இருக்கவேண்டும். இவர் கொடுத்ததில் டேப்பும் இல்லை, பசையும் இல்லை. ஃப்ளையின் உட்பக்கத் தையலில் நகத்தால் வருடிப் பாருங்கள். டேப் இருந்தால் ஒரு விரல் அகலத்தில் வழுவழுப்பான பட்டி தட்டுப்படும். எங்களுடையதில் நகத்தில் தட்டுப்பட்டது வெறும் நூல், ஊசித் துளை.

முதல் நாள் பின்னேரமே மழை தொடங்கிவிட்டது. நைலோன் ஈரத்தைக் குடித்து நீளும். எந்தச் சில்நைலோன் கூடாரத்தையும் மழைக்குள் எழும்பி ஒருமுறை இழுத்துக் கட்டத்தான் வேண்டும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இழுத்துக் கட்டிய பிறகும் முகட்டுத் தையல் வழியே வரிசையாகச் சொட்டியது. அதைவிட மோசம் தரை. மகன் முழங்காலை ஊன்றிய இடமெல்லாம் தண்ணீர் மேலே ஊறியது.

திரும்பி வந்து முறையிட்டபோது கடைக்காரர் சொன்ன பதில்: “அது லீக் இல்லை அண்ணை, கொண்டென்சேஷன். உங்கட மூச்சுத்தான் தண்ணியாகுது.” கூடாரம் வாங்கிய பலருக்கும் இதே பதில்தான் கிடைக்கும், ஆகவே வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருங்கள். மூச்சால் வரும் ஈரம் ஃப்ளையின் உட்பக்கம் முழுக்கப் பனிபோலப் படரும், மழையே இல்லாத குளிர் இரவிலும் வரும், கையால் துடைத்தால் போகும். கசிவு தையலிலும் மூலையிலும் ஒரே இடத்தில் தொடங்கும், துடைத்தாலும் அங்கேயே திரும்ப வரும். தரையைச் சோதிக்க வீட்டிலேயே வழி உண்டு. நனைத்த துவாயைக் கீழே விரித்து, அதன்மேல் கூடாரத்தின் தரையைப் போட்டு, ஐந்து நிமிடம் முழங்காலில் நில்லுங்கள். 3,000 மில்லிமீட்டர் என்றால் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் கசியாது என்று பொருள். முழங்கால் சிறிய இடத்தில் முழுப் பாரத்தையும் இறக்குவதால் தரைக்குத்தான் இந்த எண் மிகவும் தேவை. மேல் ஃப்ளைக்கு 1,200 இருந்தாலே தையல் ஒழுங்காக இருந்தால் மழை தாங்கும். நான் வீட்டில் செய்தபோது இரண்டு நிமிடத்துக்குள் களிசான் நனைந்துவிட்டது. வீடியோ எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் கோபம் ஆறாத விடயம். நடுச்சாமத்துக்குப் பிறகு மழை விட்டு வானம் வெளித்தது. அங்கே வானம் வெளித்தால் குளிர் சடாரென்று இறங்கும், செப்டம்பர் முடிவில் உறைபனி புதினமில்லை. மகன் எழும்பி “அப்பா, கால் விறைக்குது” என்றான். பல்லுக் கிட்டிக்கொண்டு நடுங்கினான். நானும் மச்சானும் அவனை நடுவில் விட்டு, மூன்று பாக்கையும் விரித்து மேலே போட்டு, காய்ந்த உடுப்பெல்லாம் சுற்றி, அடுப்பு மூட்டிச் சுடுதண்ணீர் கொடுத்து விடியும்வரை வைத்திருந்தோம். கேட்க ஆளில்லாத இடத்தில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சூடு இறங்குவது சின்ன விடயம் இல்லை.

விடிந்ததும் பாக்குகளைக் கயிற்றில் காயப்போட்டோம். பாக்கின் உட்பக்கத்தில் ‘0°’ என்று அச்சடித்த ஒரு ஸ்டிக்கர். மகனுடைய பாக்கில் அது ஈரத்தில் ஊறி ஒரு மூலை கிளம்பி நின்றது. உரித்தேன். அதற்குக் கீழே துணியில் தைத்த உண்மையான லேபல்: கம்ஃபர்ட் 9, லிமிட் 5, எக்ஸ்ட்ரீம் கழித்தல் 8. மற்ற இரண்டையும் உரித்தோம், அவற்றிலும் அப்படியே. யாரோ இருந்து ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த மூன்று எண்ணும் ஐரோப்பியத் தரமான ஈ.என். 13537, அதற்குப் பிறகு வந்த ஐ.எஸ்.ஓ. 23537 ஆகியவற்றின்படி ஆய்வுகூடத்தில் அளந்து எழுதுபவை. கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் காலை நீட்டிச் சாதாரணமாகப் படுத்துக் குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது ஆறு மணித்தியாலம் உயிர் தப்பியிருக்கும் எல்லை மட்டும்தான், அதில் தூக்கம் என்ற பேச்சே இல்லை. மெலிந்தவர்களும் பிள்ளைகளும் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். அதிலும் இரவு எவ்வளவு குளிரும் என்று நினைக்கிறீர்களோ அதைவிட நாலைந்து பாகை கூடுதலாகத் தாங்கும் பாக்கை எடுங்கள். ஒரே ஓர் எண்ணை மட்டும் போட்டு, அது எந்த எண் என்று எழுதாத பாக்கைத் தொடவேண்டாம்.

காற்றுப்பாயிலும் இதே கதை. நிலத்துக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண் ‘ஆர் 4’ என்றார்கள், ஆனால் அந்தக் குளிர் முதுகில் நேராக ஏறியது. ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 என்ற தரத்தில் அளந்ததா என்று கேளுங்கள். 2020 முதல் பெரிய கம்பனிகள் அதைத்தான் பாவிக்கின்றன. அது வருவதற்குமுன் ஆளுக்கொரு கணக்கு. ட்ரை பாக்கின் வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்திப் பார்த்தோம், அடித் தையலால் உஸ் என்று காற்றுப் போனது. அதைக் கடையில் நின்றே செய்து பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மெல்லிய துணி ட்ரை பாக் நல்லதாக இருந்தாலும் கயாக்கின் மூடிய அறைக்குள் வைக்கத்தான் பொருந்தும். கனூவின் அடியில் தண்ணீர் தேங்கும், பை கல்லில் உரசும். ஸ்லீப்பிங் பாக்கை மெல்லிய பையில் போட்டு, அதைத் தடித்த கனூ பாக்குக்குள்ளோ மூடி இறுகும் பிளாஸ்டிக் பீப்பாவுக்குள்ளோ வையுங்கள்.

காசு திரும்பக் கேட்டபோது மூன்று காரணம் சொன்னார்: பாவித்துவிட்டோம், தையலுக்குப் பசை பூசவில்லை, ஸ்டிக்கர் ‘சப்ளையர் ஒட்டினது’. டேப் ஒட்டியிருக்கு என்று விற்ற கூடாரத்துக்கு எதற்குப் பசை? அதற்கும் பதில் இல்லை. முற்பணம் கார்டில் கட்டியிருந்தேன். மீதியைச் சாமான் எடுக்கப் போனபோது “மெசின் வேலை செய்யேல்லை, இ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்கோ” என்று வாங்கினார்கள். அதே கடையில் வாங்கிய இன்னும் இருவரோடு கதைத்தேன், அவர்களுக்கும் அன்று மெசின் வேலை செய்யவில்லையாம். கார்டில் கட்டினால் கார்டுக் கம்பனியிடம் முறையிட்டுக் காசைத் திருப்ப வழியுண்டு. இ-ட்ரான்ஸ்ஃபர் அவர்களுடைய கணக்கில் விழுந்தால் வங்கி பெரும்பாலும் கைவிரித்துவிடும். மெசின் வேலை செய்யவில்லை என்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வெளியே வாருங்கள்.

என் முற்பணத்தைக் கார்டுக் கம்பனி திருப்பித் தந்துவிட்டது. ஸ்டிக்கர் பாதி உரிந்த லேபலின் படம்தான் உதவியது. மீதிக்கு ஒன்ராறியோ அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விபரம் சொல்லி விற்பது நேர்மையற்ற நடைமுறை. அப்படி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அறிவித்தல் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். போனில் சத்தம் போடுவதில் பிரயோசனமில்லை, திகதியோடு எழுத்தில் அனுப்புங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால் முதல் வருடம் செட் ஒன்றும் வாங்கவேண்டாம் என்பேன். ஹண்ட்ஸ்வில் பக்கமும் பூங்கா வாசலிலும் கூடாரம், பாக், பாய் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். மிச்சம் பிடிக்கிற காசில் கெவ்லார் என்ற பாரம் குறைந்த நாரால் செய்த வள்ளத்தை வாடகைக்கு எடுங்கள். அது ஏறத்தாழ 19, 20 கிலோதான், அலுமினியம் முப்பதைத் தாண்டும். தோளில் இறங்கும் அந்தப் பத்துக் கிலோவோடு பார்த்தால் கூடாரத்தில் குறைக்கும் இருநூறு முந்நூறு கிராம் ஒன்றுமே இல்லை. ஸ்லீப்பிங் பாக்கில் இறகு வைத்தது பாரம் குறைவு, ஆனால் நனைந்தால் உப்பல் அமர்ந்து சூடு போய்விடும். தண்ணீரோடு போகிற பயணத்துக்கு, அதுவும் பிள்ளைகளோடு என்றால், கொஞ்சம் பாரமானாலும் செயற்கைப் பஞ்சு வைத்ததையே எடுப்பேன். கூடாரத்துக்கு மேலே ஒரு நல்ல தறப்பாளும் கட்டுவேன்.

ஏற்கனவே அந்தச் செட்டை வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாக்கை எடுத்து உட்பக்க லேபலைப் பாருங்கள். ‘0°’ ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கமுன் ஒரு படம், பாதி உரித்து ஒரு படம், முழுதாக உரித்து ஒரு படம் எடுங்கள். பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள், அந்த விளம்பரத்தில் இருந்த ‘1.1 கிலோ’வைப் போன கிழமை மாற்றிவிட்டார்கள்.