வேலூர் ஜெர்மன் வகுப்பும் ஓ-பேர் பேக்கேஜும்: கீழே தாராளமாகப் போங்கள், மாடி ஏறாதீர்கள்

என் தங்கை ஜெர்மனிக்கு ஓ-பேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவளாக, போகணும் என்று கிளம்பி எட்டு மாதம் ஆகிறது. இந்த இடத்துக்கு அலைந்த அலைச்சல் எல்லாம் முடிந்துவிட்டதால் இப்போது நிதானமாக எழுத முடிகிறது. இடத்தின் பெயர் போடவில்லை. நர்சிங் முடித்த பிள்ளைகள் அதிகம் இருக்கிற ஊர் என்பதால் வேலூரில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் நிறைய வந்துவிட்டன. நாங்கள் போனதும் அப்படி ஒன்றுதான். கீழே வகுப்பு, மாடியில் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆபீஸ். முதலாளி ஒருவரே, ஆனால் இரண்டுக்கும் ஒரே மார்க் போட எனக்கு மனசு வரவில்லை.

வகுப்பு அருமை. ஏ1 என்கிற ஆரம்ப நிலைக்கு மூன்று மாதம், 18,000 ரூபாய். குடியாத்தத்திலிருந்து காலை பஸ் பிடித்துப் போய் வந்தவள் ஒரு நாள்கூடச் சலித்துக்கொள்ளவில்லை, அதற்கு முழுக் காரணமும் அந்த டீச்சர்தான். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று பரீட்சை நான்கு பகுதி. இதில் நம் பிள்ளைகள் தடுமாறுவது பேசுவதில் என்று தெரிந்து தினமும் அரை மணி நேரம் ஜோடி ஜோடியாக உட்காரவைத்துப் பேசவிட்டார். முதல் வாரமே இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "நாங்க குடுக்கிற சர்டிபிகேட்டை விசாவுக்கு எடுத்துக்க மாட்டாங்க, கோதே மாதிரி அங்கீகாரம் உள்ள பரீட்சைதான் எழுதணும்." அதனால் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் மொழிப் பரீட்சை நடத்தும் கோதே நிறுவனத்துக்குப் போய் எழுதினாள். நூற்றுக்கு 60 எடுத்தால் பாஸ், இவள் 84.

மாடி ஆபீஸ் கதை வேறு. அங்கே போனதும் "வேலை" என்றார்கள், "மாசம் அறுபதாயிரம் சம்பளம்" என்றார்கள், "எட்டு மணி நேர டியூட்டி, சண்டே லீவு" என்றார்கள். பேக்கேஜ் 1,60,000, முன்பணம் 25,000. கட்டிவிட்டோம். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "புள்ளைய அனுப்பறது இருக்கட்டும்மா, ஒப்பந்தத்துல இன்னா எழுதியிருக்குது?" எங்களிடம் ரசீது மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரியே நானும் தங்கையும் உட்கார்ந்து, ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமை ஓ-பேர்களுக்காகப் போட்டிருக்கும் விளக்கத்தை வரி வரியாகப் படித்தோம். ஓ-பேர் என்பது சம்பள வேலையே இல்லை. ஒரு குடும்பத்தோடு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, லேசான வீட்டு வேலையில் கை கொடுத்து, மொழியும் அந்த ஊர் வாழ்க்கையும் கற்றுக்கொள்வது, அவ்வளவுதான். கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ. சாப்பாடு, தனி அறை, காப்பீடு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு, மொழி வகுப்புக்கும் மாதம் 70 யூரோ தர வேண்டும். வேலை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தையும் வாரத்துக்கு 30 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, நான்கு மாலைகள் அவளுக்கே. வருஷம் முழுக்க இருந்தால் நான்கு வாரம் விடுமுறை. வயதானவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, "நர்சிங் படிச்ச பொண்ணுன்னா இன்னும் ஈஸி, பாட்டியையும் பாத்துக்கலாம்" என்று மாடியில் சொன்னார்களே, அது அடியோடு தப்பு.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது அவர்கள் காட்டிய குடும்பம். "பிராங்க்பர்ட்ல தமிழ் ஃபேமிலி, சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, பாஷைப் பிரச்சினையும் இல்லை" என்றதும் அம்மா கண் கலங்கிச் சந்தோஷப்பட்டார். ஆனால் விதிப்படி அந்த வீட்டில் பேசும் மொழி ஜெர்மனாக இருக்க வேண்டும், அது அவர்களுக்குத் தாய்மொழியாக இல்லாவிட்டால் ஓ-பேர் அவர்களுடைய சொந்த நாட்டிலிருந்து வரக் கூடாது. அந்தக் குடும்பத்தை நம்பி விண்ணப்பித்திருந்தால் விசா கிடைத்திருக்காது, பணமும் போயிருக்கும், வயதும் போயிருக்கும்.

ஆமாம், வயது. 18 முடிந்திருக்க வேண்டும், 27 நிறைவதற்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். தங்கைக்கு அப்போதே இருபத்தாறரை. ஏ1 வகுப்பு, பரீட்சை, ரிசல்ட், குடும்பம் தேடுவது, விசாவுக்கு நேரம் வாங்குவது என்று கணக்குப் போட்டால் ஒரு வாரத்தைக்கூட வீணாக்க முடியாது. மாடியில் ஒருவர்கூட அவளுடைய பிறந்த தேதியைக் கேட்கவில்லை.

மறுநாள் போய் இதையெல்லாம் கேட்டேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், ஆளிடம் வாங்கும் சேவைக் கட்டணம் ஜிஎஸ்டி நீங்கலாக 30,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, உங்கள் பதிவு எண் என்ன என்றேன். உடனே மாடி ஆபீஸில் இருந்தவர், "மேடம், இது வேலை இல்லை, கலாசாரப் பரிமாற்றம்" என்றார். பணம் கட்டும்போது வேலையாக இருந்தது கேள்வி கேட்டதும் எப்படி மாறியது? முன்பணத்தில் 10,000 திரும்பி வந்தது, மீதி பதினைந்து இன்னும் வரவில்லை.

அப்புறம் தங்கையே குடும்பம் தேடினாள். லைப்சிக்கில் இரண்டு குழந்தைகள் உள்ள வீடு, நான்கு முறை வீடியோவில் பேசினார்கள், அவளுக்குக் கொடுக்கப்போகும் அறையைக்கூடக் காட்டினார்கள். ஒப்பந்தத்தில் மணி நேரம், கைச்செலவு, விடுமுறை எல்லாம் எழுதியிருக்கிறது, நானும் அப்பாவும் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். விசா கட்டணம் 75 யூரோ, அது போக விமான டிக்கெட் எங்கள் செலவு. 27 நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது விண்ணப்பம் உள்ளே போனது.

வகுப்பில் சேர நினைப்பவர்களுக்கு: காலை ஏழு மணி பேட்சில் சேருங்கள், அந்த டீச்சர் அதில்தான் வருகிறார். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம், கேட்டால்தான் சொல்வார்கள். சேரும் படிவத்தின் கடைசியில் "வெளிநாட்டு வாய்ப்பில் விருப்பம்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடாதீர்கள், போட்டால் அன்று மாலையே மாடியிலிருந்து போன் வரும்.