பிக்கப் டிரக்குக்கு ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: ரெயிலா, ஸ்லைடரா, பந்துக் குழியா?

முக்கால் டன் என்று பெயரளவில் அழைக்கப்படும் பிரிவைச் சேர்ந்த டிரக், ஆறேமுக்கால் அடிப் பின்தொட்டி, நிறைந்த எடையில் 12,000 பவுண்டு வரக்கூடிய டிரெய்லர் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு நான் ஒரு ஃபிஃப்த் வீல் ஹிட்சை, அதாவது டிரக்கின் தொட்டிக்குள் நின்று டிரெய்லரைப் பிடித்து இழுக்கும் இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தொட்டியின் தரையில் ரெயில் பதித்து அதன்மேல் நிறுத்தும் பழைய வகை, முன்பின் நகரும் ஸ்லைடர், தொழிற்சாலையிலேயே தரையில் பதித்து வரும் பக் துளைகளில் பூட்டும் வகை, தரைக்கு அடியில் உள்ள கூஸ்நெக் (தொட்டியிலுள்ள பந்தின்மேல் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வகை) பந்துக் குழியில் நிற்கும் இருபாக ஹிட்ச், கிங்பின்னையே (டிரெய்லரின் முன்பகுதியில் கீழ்நோக்கி நிற்கும் எஃகு முளை) பந்துப் பிடியாக மாற்றிவிடும் அலுமினிய ஹிட்ச் ஆகிய ஐந்தையும் அலசிவிட்டுப் பந்துக் குழியில் நிற்கும் இருபாக ஹிட்சையே வாங்கினேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஏன் சாய்கிறது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

எல்லா வகைக்கும் பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். டிரெய்லரின் கிங்பின் 2 அங்குல விட்டமுள்ளது. ஹிட்சின் தாடை அதைக் கவ்விப் பிடிக்க, சுமை பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ இறங்க வேண்டும். சந்தையில் 16,000, 20,000, 25,000 பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட ஹிட்சுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. 30,000 பவுண்டு வரையிலான டிரெய்லர்களுக்கான இணைப்புகளைச் சோதிக்க எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2638 என்ற தரநிலையும் உள்ளது. 12,000 பவுண்டு டிரெய்லருக்கு 16,000 பவுண்டு ஹிட்சே போதும் என்பதால், எது அதிகம் இழுக்கும் என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. முறையாகப் பொருத்தப்பட்ட எந்த ஹிட்சும் இழுக்கும். முதலில் திணறுவது பெரும்பாலும் டிரக்கின் சுமைத்திறன்தான்.

அந்தச் சுமைத்திறன் கணக்கை மட்டும் ஒருமுறை பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் வழியாக டிரக்கின்மேல் இறக்கும். 20 சதவீதம் என்று கொண்டால் 12,000 பவுண்டு டிரெய்லர் 2,400 பவுண்டை இறக்குகிறது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் 3,000 பவுண்டு என்று இருந்தால், மிச்சமிருக்கும் 600 பவுண்டுக்குள்தான் பயணிகள், கருவிப்பெட்டி, ஹிட்சின் சொந்த எடை ஆகிய அத்தனையும் அடங்க வேண்டும். டீசல் எஞ்சினுள்ள பல முக்கால் டன் டிரக்குகளில் அந்தச் சீட்டு 3,000 பவுண்டுகூடக் காட்டாது. எனவே ஹிட்சின் எடையை அற்பமென்று ஒதுக்கிவிட முடியாது. பின்னால் அலுமினிய வகையைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் தலையெடுக்கும்.

அடுத்தது ஸ்லைடர். இது தேவையா இல்லையா என்பதை டேப்பைப் பிடித்து அளந்தே சொல்லிவிடலாம். டிரெய்லரின் அகலம் 96 அங்குலம் என்றால், டிரக்குக்குக் குறுக்கே 90 பாகையில் திரும்பும்போது அதன் முன்மூலை கிங்பின்னிலிருந்து கேபினை நோக்கி 48 அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கும். எட்டடித் தொட்டியில் கேபினின் பின்சுவருக்கும் ஆக்சிலுக்கும் இடையே சுமார் 56 அங்குலம் இருப்பதால் இடிக்காது. குட்டைத் தொட்டியில் அது சுமார் 40 அங்குலமாகச் சுருங்கிவிடுவதால், டிரெய்லரின் மூக்கு சதுரமாக இருந்தால் பின்கண்ணாடி போய்விடும். ஸ்லைடர் ஹிட்சைச் சுமார் ஓரடி பின்னுக்குத் தள்ளி இந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்கிறது. கையால் நகர்த்தும் வகையில், குறுகலான இடத்துக்குள் புகுமுன் வண்டியை நிறுத்தி, இறங்கி நெம்பை விடுவித்து, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை முன்னே நகர்த்த வேண்டும். தானியங்கி வகையில் டிரெய்லர் திரும்பும் திருப்பமே ஹிட்சைப் பின்னுக்கு நகர்த்துகிறது. அதற்காகக் கிங்பின் பெட்டியின் (டிரெய்லரில் கிங்பின்னைத் தாங்கும் பகுதி) அடியில் ஒரு பிடிதகட்டைப் பொருத்த வேண்டும்.

தானியங்கி ஸ்லைடர் மிக நேர்த்தியான பொறியமைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐந்தரை அடித் தொட்டியுள்ள டிரக் வைத்திருப்பவருக்கு நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் என் டிரெய்லரின் முன்மூலைகள் உள்நோக்கிச் செதுக்கப்பட்டவை. அட்டையில் அளவுக்கு வெட்டிப் பார்த்ததில் 80 பாகைவரை கேபினைத் தொடாமல் திரும்ப இடமிருந்தது, அதற்கு மேல் திரும்ப வேண்டிய தேவை எனக்கு அனேகமாக வராது. அந்தக் கடைசிப் பத்துப் பாகைக்காக 200 பவுண்டைத் தாண்டும் ஓர் இயந்திரத்தைத் தொட்டியில் சுமந்து திரிவதும், அதன் நகரும் பாகங்களுக்கு இடைவிடாமல் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பதும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். டிரெய்லரை இழுக்காத நாட்களில் அந்த ஹிட்ச் என்ன ஆகிறது? பெரும்பாலானோரின் டிரக் ஆண்டின் பெரும்பகுதியில் டிரெய்லர் இல்லாமல்தான் ஓடுகிறது. அப்போது பலகையும் மண்ணும் மரச்சாமானும் ஏற்றத் தொட்டி தேவைப்படுகிறது. கடையில் விற்பவர் இழுவைத்திறனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், கழற்றி மாட்டுவதைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடுவார். எனக்கோ அந்த ஒரு வரிதான் முக்கால்வாசித் தீர்ப்பு.

ரெயில் வகையை எடுத்துக்கொள்வோம். தொட்டியின் குறுக்கே இரண்டு எஃகு ரெயில்கள், பத்து போல்ட், அடியில் டிரக்கின் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகள். ரெயில்களின் துளை அமைப்பு பல உற்பத்தியாளர்களுக்கும் பொதுவானது என்பதால் ஒரு நிறுவனத்தின் ரெயிலில் இன்னொரு நிறுவனத்தின் ஹிட்ச் நிற்கும். விலையிலும் இதுதான் மலிவு. ஹிட்ச் நான்கு பின்களில் நிற்கிறது. அவற்றை உருவினால் ஹிட்ச் வந்துவிடும். ஆனால் ரெயில்கள் வராது. தொட்டியில் மண்வெட்டியை விட்டு இழுக்கும்போதெல்லாம் அதன் நுனி ரெயிலில் முட்டும்; பலகையைத் தள்ளினால் தடுக்கும்; இரண்டு ரெயிலுக்கும் இடையே ஈரச் சேறு தங்கித் துருவுக்கு வழி செய்யும். கழற்றாமலே ஒரு மழைக்காலத்தைக் கடந்த பின்களைச் சுத்தியல் இல்லாமல் உருவ முடியாது என்பது இந்த வகையை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். அதனாலேயே ரெயில் வைத்திருப்பவர்களில் பலர் ஒரு கட்டத்தில் ஹிட்சைக் கழற்றுவதையே விட்டுவிட்டு, அரைத் தொட்டியோடு காலம் தள்ளுகிறார்கள்.

பந்துக் குழி வகையில் வேலை முழுவதும் தரைக்கு அடியில் முடிந்துவிடுகிறது. சட்டத்தின் குறுக்கே ஓர் எஃகு உத்தரம் பொருத்தி, தொட்டியின் நடுவில் சுமார் நான்கு அங்குலத் துளை ஒன்று இட்டு, அதன் வழியே குழியின் வாய் மட்டும் தெரியும்படி செய்கிறார்கள். பொருத்தும் நாளில் இது ரெயிலைவிடச் சிரமமான வேலைதான்: உபரிச் சக்கரத்தை இறக்க வேண்டும், சில டிரக்குகளில் புகைக்குழாயின் வெப்பத்தகட்டையும் தளர்த்த வேண்டும். ஆனால் அது ஒருமுறை வேலை. கான்சாஸ் மாநிலத்தின் ஹம்போல்ட் நகரைச் சேர்ந்த பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் டர்ன்ஓவர்பால் இந்த அமைப்புகளில் நன்கு அறியப்பட்டது. அதன் பந்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி அதே குழியில் இறக்கினால் தொட்டியின் தரை ஏறக்குறையச் சமமாகிவிடும். அந்த நிறுவனத்தின் கம்பானியன் ஹிட்ச்தான் நான் வாங்கியது.

அதைக் கழற்றும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். மேலே உள்ள தாடைத்தலை இரண்டு பக்கமும் பின்களால் அடித்தளத்தோடு இணைந்திருக்கிறது. அவற்றை உருவித் தலையை முதலில் தனியாக எடுத்துவிடலாம். பிறகு அடித்தளத்தின் நடுவில் உள்ள ஒரே நட்டைத் தளர்த்தி, இடப்பக்கச் சக்கரக்கூட்டுக்குள் இருக்கும் கைப்பிடியை இழுத்தால், குழிக்குள் தண்டைப் பூட்டியிருக்கும் முள் பின்வாங்கி அடித்தளமும் வெளியே வந்துவிடும். மாட்டும்போது இதையே திருப்பிச் செய்து, அந்த நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். நட்டு இறுகும்போது தண்டு மேல்நோக்கி இழுக்கப்பட்டு, அடித்தளத்தின் நான்கு கால்களும் தரையில் அழுந்துகின்றன. ஹிட்ச் ஆடாமல் நிற்பதற்குக் காரணம் இந்த அழுத்தம்தான். மொத்த எடை 150 பவுண்டுக்கு மேல் என்றாலும் இரண்டு பாகமாகப் பிரிவதால், நடுத்தர வலுவுள்ள இருவர் முதுகைப் பிடித்துக்கொள்ளாமல் இறக்கிவிடலாம். கூரையிலிருந்து தொங்கும் சங்கிலி வின்ச் இருந்தால் ஒருவரே போதும்.

குறைகளும் உண்டு. கால்கள் தொட்டியின் நெளிவுத் தகட்டின்மேல் நேரடியாக நிற்க வேண்டும் என்பதால், தடித்த ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் அந்த இடங்களில் வெட்டியே ஆக வேண்டும். ரப்பர் நசுங்க நசுங்க நட்டின் இறுக்கம் போய்விடும். முதல் சில பயணங்களுக்குப் பின் நட்டைத் திரும்பச் சோதிப்பதும் கட்டாயம்.

பக் துளை வகை இதற்கு நெருங்கிய போட்டியாளர். தொழிற்சாலையிலேயே நான்கு துளைகளும் நடுவே கூஸ்நெக்குக்கான குழியும் வைத்து வரும் டிரக் கையில் இருந்தால், புதிதாக எதையும் துளைக்காமல் நான்கு கால்களையும் இறக்கிக் கைப்பிடியைத் திருப்பினால் போதும். கழற்றினாலும் தரை சுத்தமாக இருக்கும். என் டிரக் அந்த வசதியோடு வரவில்லை. வந்திருந்தாலும் யோசித்திருப்பேன்: ஃபோர்டு, ஜிஎம், ராம் டிரக்குகளின் பக் இடைவெளிகள் ஒன்றுபோல இல்லாததால், வேறு நிறுவனத்தின் டிரக்குக்கு மாறும்போது அடித்தளத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். பந்துக் குழி வகையில் புது டிரக்குக்கு அடி உத்தரத்தை மட்டும் வாங்கினால், மேலே உள்ள ஹிட்ச் அப்படியே கைக்கு வரும். பழைய டிரக்கை விற்கும்போது உத்தரத்தை அதிலேயே விட்டுவிடலாம். கூஸ்நெக் டிரெய்லர் வைத்திருக்கும் பண்ணைக்காரருக்கு அது ஒரு கூடுதல் வசதி.

அலுமினிய ஹிட்ச்தான் என்னை உண்மையில் தடுமாற வைத்தது. ஆண்டர்சன் நிறுவனத்தின் அல்டிமேட் ஹிட்ச் கூஸ்நெக் குழியில் நிற்கும் வடிவில் சுமார் 35 பவுண்டுதான். ஒருவர் ஒரே கையில் தூக்கிக்கொண்டு போகலாம். கழற்றும் எளிமை என்ற என் அளவுகோலின்படி பார்த்தால் முதல் பரிசு இதற்கே போக வேண்டும். மேலே போட்ட சுமைத்திறன் கணக்கிலும் நூறு பவுண்டுக்கு மேல் மிச்சமாகிறது. உராயும் பெரிய தட்டு இல்லாததால் சட்டையில் அப்பிக்கொள்ளும் அந்தக் கறுப்புக் கிரீஸும் இல்லை. ஆனால் டிரெய்லரின் கிங்பின்மேல் ஒரு பந்துப் பிடியை நிரந்தரமாகப் பூட்டிவிட வேண்டும். வழியில் டிரக் பழுதாகி, இன்னொருவரின் டிரக்கில் டிரெய்லரை இழுத்துச் செல்ல நேர்ந்தால், அந்தப் பிடியைக் கழற்றினால்தான் சாதாரணத் தாடையில் கிங்பின் நுழையும். பட்டறையில் டிரெய்லரை நகர்த்துபவருக்கும் இதே தொல்லை. ஒரு வட்டாரத்துக்குள்ளேயே ஓடுபவருக்கு இது பொருட்டல்ல. நெடுந்தூரம் போகும் எனக்கு யாருடைய டிரக்கும் என் டிரெய்லரை இழுக்க முடிய வேண்டும் என்பது முக்கியமாகப் பட்டது. ஒரு நண்பரின் டிரக்கில் சிறிது தூரம் மட்டுமே இதை ஓட்டியிருக்கிறேன். சமதளச் சாலையில் வித்தியாசம் எதையும் உணரவில்லை. மலைச்சாலையில் இது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

கூஸ்நெக் பந்தில் மாட்டுவதற்காகக் கிங்பின்னிலிருந்து கீழே நீளும் கூஸ்நெக் அடாப்டர் குழாயைப் பற்றி ஒரு சொல் மட்டும். நெம்புகோலின் கை நீளும்போது டிரெய்லர் சட்டத்தின்மேல் விழும் வளைவு விசையும் அதற்கேற்பக் கூடும்; அதனால் சட்டகத்தைத் தயாரிப்பவரின் உத்தரவாதம் ரத்தாகுமா என்று எழுத்தில் கேட்டுப் பெறாமல் அதன் பக்கம் போக வேண்டாம்.

தாடை எந்த வகையாக இருந்தாலும், கிங்பின்னைச் சுற்றி முழுமையாக மூடும் இரட்டைத் தாடையையே விரும்புகிறேன். ஒரு பக்கம் மட்டும் கம்பி வந்து பூட்டும் மலிவு வகைகளில் முன்பின் ஆட்டம் அதிகம். பின்னோக்கி ஓட்டும்போது தட்டு கிங்பின் பெட்டியைவிட அரை அங்குலம் உயரமாக இருந்து, பெட்டி தட்டைச் சற்றே அழுத்தியபடி ஏற வேண்டும். பெட்டி உயரமாக இருந்தால் கிங்பின்னின் கழுத்துக்குப் பதிலாக அதன் அடிவிளிம்புமேல் தாடை மூடிக்கொள்ளக்கூடும். கைப்பிடி சரியான இடத்தில் இருப்பதுபோலவே தோன்றும். டார்ச் அடித்துப் பெட்டிக்கும் தட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி மெல்ல முன்னே இழுத்துப் பார்த்த பிறகே டிரெய்லரின் முன்கால்களைத் தூக்க வேண்டும். டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியை ஹிட்சில் மாட்டாமல் டிரக்கின் உடலில் மாட்டுவதும் இதே வரிசையில் சேர்ந்தது. ஹிட்சே கழன்று போனால் ஹிட்சில் மாட்டிய கம்பி எதையும் இழுக்காது.

எட்டடித் தொட்டியும், இழுவைக்கு மட்டுமே வைத்திருக்கும் டிரக்கும் உள்ளவருக்கு நான் சொன்ன எதுவும் பெரிதாகப் பொருந்தாது. அவர் ஹிட்சைக் கழற்றப்போவதே இல்லை; ரெயில் வகையை வாங்கி, பின்களுக்கு ஆண்டுக்கொரு முறை கிரீஸ் தடவி, மிச்சமாகும் பணத்தை நல்ல டயருக்குச் செலவழிக்கலாம்.