மின்னல் படத்தை எடிட்டிங்குக்குக் கொடுக்கும் முன்

மாரி தொடங்கிவிட்டது. வன்னியில் கமராவோடு குளக்கட்டுகளுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடந்த ஐப்பசியில் ஒரு பின்னேரம் கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் காரை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே, கண்ணாடி விளிம்பில் அரிசிப் பையை வைத்து அதன்மேல் கமராவைக் கிடத்தினேன். மாங்குளம் பக்கம் வானம் கறுத்திருந்தது. மின்னி 35 செக்கன் கழித்தே இடி கேட்டது. ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தூரம். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஒவ்வொரு படத்துக்கும் 15 செக்கன் ஷட்டர் திறந்திருந்தது. எழுபது, எண்பது படங்கள் வீண். ஒன்றில் மட்டும் மின்னல் கிளைவிட்டு இறங்கி, அதன் வெளிச்சம் தண்ணீரில் நீளக் கோடாக விழுந்திருந்தது. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 செக்கனுக்குக் குறைந்ததும் கிளம்பிவிட்டேன்.

அதை 12க்கு 18 அங்குலத்தில் அச்சடிக்க ஒரு ஸ்டூடியோவுக்கு 9,000 ரூபா முற்பணம் கொடுத்தேன். நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள், ஓரத்துக் கம்பியை எடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன். "ஓம் தம்பி, வடிவாச் செய்து தாறன்" என்றார் ஸ்டூடியோக்காரர். ரோ கோப்பு (கமரா பதியும் மூலக் கோப்பு) பெரிது என்று மெமரி கார்டையே கொடுத்தேன். பிரதி எடுத்து வைக்கவில்லை.

வந்த படத்தில் வானமே வேறு. மேலே மூன்று மின்னல், தண்ணீரில் ஒன்று. மரங்களின் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. "இப்பிடிச் செய்தாத்தான் எடுபடும்" என்றார். எடிட்டிங்கை நான் வெறுப்பவன் அல்ல. முகிலின் கனம் தெரிய நானே அதைக் கறுப்பாக்குவேன். ஆனால் அன்று விழாத மின்னலை என் குளத்தின்மேல் ஒட்ட யாருக்கும் உரிமையில்லை.

அப்புறம் நடந்ததுதான் பொறுக்க முடியாதது. கார்த்திகையில் விடாமழை பெய்த நாளொன்றில் அதே படத்தைத் தங்கள் முகநூலில் "நேற்றிரவு இரணைமடு" என்று போட்டார்கள். 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்த சனம் இது. குளத்துக்குக் கீழே இருக்கும் கண்டாவளையிலிருந்து சித்தி இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். "கட்டுக்கு ஏதும் பிரச்சினையோ தம்பி, சாமான்களைத் தூக்கி வைக்கட்டோ?" நான் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் அவர் பயந்திருந்தார். எத்தனை வீட்டில் அன்று நித்திரை இல்லையோ. நீக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்தே நீக்கினார்கள். முற்பணம் திரும்பவில்லை.

கார்ட் வெறுமையாக வந்தது. "வைரஸ் இருந்தது, ஃபோர்மற் பண்ணிட்டம்" என்றார்கள்.

தயவுசெய்து கார்டைக் கொடுக்காதீர்கள், பிரதியை மட்டும் கொடுங்கள். என்ன செய்யலாம், எங்கே போடலாம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி ஒப்புக்கொள்ள வையுங்கள். திருப்பித் தரும் படத்தில் முதலில் தண்ணீரைப் பாருங்கள். மேலே இருப்பது கீழே இல்லையென்றால் வானத்தை மாற்றியிருக்கிறார்கள்.

அந்த அச்சுக்கு நீளப்பக்கம் 5,400 பிக்சல் வேண்டும். அன்றிரவு தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் நீளம் 1,600.