குடியை நிறுத்தக் கொழும்பில் எங்கே போவது: ஆஸ்பத்திரியா, ஏ.ஏ. கூட்டமா, மெல் மெதுரவா?

காலையில் எழும்பியதும் கை நடுங்குது, கொஞ்சம் உள்ளே போனால்தான் அடங்குது என்ற நிலையில் இருப்பவர் முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளளவில் ஆள் தெரியாமல் பிதற்றி, இல்லாததையெல்லாம் கண்டு பயந்து, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். டொக்டர் பார்த்து மருந்தும் விட்டமின் பி1-உம் கொடுத்தால் இதைத் தடுக்க முடியும். தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவும் அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகமும் அரசாங்கத்துடையவை, அதனால் இலவசம். அங்கொடை என்றாலே நம்முடைய சனம் முகம் சுளிக்கும், அதற்காகப் போகாமல் விட்டுவிடாதீர்கள். 1926-க்கு அழைத்தால் அந்த நிறுவகத்திலேயே பேசலாம்.

ஆனால் வார்ட்டில் இருந்து துண்டு வெட்டி அனுப்பியதும் மனிதர் அதே ஒழுங்கைக்கு, அதே கூட்டாளிகளிடம்தான் திரும்புகிறார். அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் ஒவ்வொரு பொழுதுபடுகிற நேரத்தையும் அவர் தனியாகத் தாண்ட வேண்டும். அங்கேதான் ஒரு துணைக்குழு தேவைப்படுகிறது. கொழும்பில் நான் எடைபோட்டுப் பார்ப்பது இரண்டை.

ஒன்று ஏ.ஏ., அதாவது அல்கஹோலிக்ஸ் எனொனிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற குழு. 1935-இல் அமெரிக்காவில் குடியை விட்ட இருவர் தொடங்கியது. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி கிடையாது. கட்டணம் இல்லை, விரும்பினால் செலவுக்கு ஏதாவது போடலாம். முழுப்பெயர், வேலை, ஊர் எதுவும் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டே வரலாம். இதில் எனக்குப் பெரிதாகப்படுவது ஸ்பொன்சர் என்ற ஏற்பாடு: முன்பே குடியை விட்ட ஒருவர் உங்களுக்கென்று இருப்பார், மனம் தவறணைப் பக்கம் இழுக்கிற நேரத்தில் அவருக்குப் போன் போடலாம். மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைப் பார்த்து 2020-இல் வெளியிட்ட தொகுப்பும், முற்றாகக் குடிக்காமல் இருக்கும் விஷயத்தில் ஏ.ஏ. காட்டுகிற, பன்னிரண்டு படிகள் கொண்ட இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கிறது என்றே சொன்னது. படிகளில் கடவுள் என்ற சொல் வரும், அது நீங்கள் விளங்கிக்கொண்ட கடவுள்தான், பிள்ளையாரோ கொச்சிக்கடை அந்தோனியாரோ உங்கள் விருப்பம். சிக்கல் மொழியில் வரலாம். கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, எல்லாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்று போகுமுன் கேட்டுவிடுங்கள்.

மற்றது கொழும்பு 7, ஹோர்டன் பிளேசில் உள்ள மெல் மெதுர. மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கவென்று 1974-இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் கிளை இது. மது, போதைப்பொருள் இரண்டுக்கும் இங்கே உதவி உண்டு, இதுவும் இலவசம், இரகசியம் காக்கப்படும். இங்கே நீங்கள் ஒரு ஆலோசகரோடு தனியாக இருந்து கதைக்கலாம். வெள்ளவத்தையில் யாருக்கு யார் சொந்தம் என்றே தெரியாது, கூட்டத்தில் மச்சானின் நண்பர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறவருக்கு இதுதான் சரியான முதல் வாசல். இங்கேயும் தமிழில் பேசக்கூடியவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் ஏ.ஏ.-யைத்தான் சொல்வேன், மொழி அரைகுறையாக இருந்தாலும். ஆலோசகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரைப் பார்க்க நாள் குறிக்க வேண்டும், ஆசை நாள் பார்த்து வராது. மாலை ஆறு மணிக்குப் போனை எடுத்து, "தம்பி, சாப்பிட்டியா? முதல்ல சாப்பிடு, பிறகு கதைப்பம்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் அதே வேதனை தெரிந்திருக்க வேண்டும். தாய்மொழியில் அழுது பேசவேண்டும் என்ற ஏக்கம் நியாயமானது, அதற்கு இணையவழித் தமிழ்க் கூட்டங்களைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், சென்னைப் பக்கத்தில் ஏ.ஏ. நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கமெராவை அணைத்துவிட்டுக் காணாமல் போவது சுலபம், நேரில் வராவிட்டால் யாராவது தேடுவார்கள்.

நேர்த்தி வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன், பலருக்கு முதல் பிடி அதுதான். காசு வாங்கித் தங்கவைக்கிற இடமென்றால் டொக்டர் இருக்கிறாரா, வீட்டார் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் இருக்கிற அக்காமார், அம்மாமாருக்கு ஒன்று. குடிக்கிறவருக்குத் தெரியாமல் கறியில் கலந்து கொடுக்கச் சொல்லி எந்த மருந்தை யார் தந்தாலும் வாங்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்பிரம் போன்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தம் விழுதல் எல்லாம் வரும், இதய நோயாளிக்கு உயிரே போகலாம். டொக்டர் சொல்லி, அவரே அறிந்து விழுங்க வேண்டிய மருந்து அது. அவர் எங்கேயும் வரமாட்டேன் என்று நின்றால் நீங்கள் போங்கள். ஏ.ஏ.-யின் திறந்த கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க உங்களுக்கும் இடமுண்டு, குடிக்கிறவரின் குடும்பத்துக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனொன் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.