குளியலறைக்கு ஒரு பெர்மிட்: அங் மோ கியோவிலிருந்து ஒரு மதிப்புரை

கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா, நான் 'மாக்சிக்' என்று கூப்பிடுகிறவர், லிஃப்டில் வைத்துத் தன் கைப்பேசியைக் காட்டினார். அவர் வீட்டுக் கழிவறை சீலிங்கில், தே தாரேக் தேநீர் சிந்திய மாதிரி ஒரு பழுப்பு வட்டம். அதற்கு நேர் மேலே இருப்பது என் குளியலறை. அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் சங்கடம்.

எங்கள் புளோக் எண்பதுகளில் கட்டியது. குளியலறைத் தரைக்கு அடியில் போட்ட நீர்த்தடுப்புப் பூச்சுக்கும் அதே வயதுதான். இந்த மாதிரிக் கசிவுக்கு சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) ஓர் உதவித் திட்டம் வைத்திருக்கிறது. பழுதுபார்க்கும் செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குக் கால் பங்காகப் போட வேண்டும். மாக்சிக்கிடம் கால் பங்கு வாங்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு 78 வயது, அந்த வழுக்குத் தரையில் ஏற்கனவே ஒருமுறை சறுக்கியிருக்கிறார். சரி, மொத்தமாக உடைத்துப் புதிதாகவே போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

முதலில் வந்த குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) நன்றாகத் தமிழ் பேசினார், அம்மாவிடம் காப்பி வாங்கிக் குடித்தார். "பெர்மிட் எல்லாம் எதுக்குக்கா, சின்ன வேலைதானே. பழைய டைல்ஸ் மேலயே புதுசை ஒட்டிடுவோம், நாலே நாள்" என்றார். முன்பணமாக 300 வெள்ளி கொடுத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வராமல் வீவக இணையத்தளத்தைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வீவக வீட்டில் புதுப்பிப்புப் பணி செய்கிறவர்கள் அதன் பதிவுபெற்ற குத்தகையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். பெயரைத் தட்டினால் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். இவர் இல்லை. குளியலறைத் தரை டைல்ஸை மாற்ற அனுமதி கட்டாயம் வேண்டும். இல்லாமல் செய்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். போதாக்குறைக்கு, கசிவதோ அடியில் இருக்கும் பூச்சு. மேலே எத்தனை டைல்ஸ் ஒட்டினாலும் மாக்சிக் வீட்டு வட்டம் வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். அந்த 300 வெள்ளி இன்றுவரை திரும்பவில்லை. காப்பிக் காசையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாமவர் அதிகம் பேசாத மனிதர். வந்ததும் அளவு நாடாவை எடுத்தார், குழாய்களைத் தட்டிப் பார்த்தார், வீடு எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. புதிய பிடிஓ வீடுகளில் (தேவைக்கேற்ப வீவக கட்டித் தருபவை) புளோக் கட்டி முடிந்து மூன்று ஆண்டு ஆகும்வரை, வீவக போட்டுக்கொடுத்த குளியலறை டைல்ஸை உடைத்து மாற்ற முடியாது. நீர்த்தடுப்புப் பூச்சைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. என் அக்கா மகள் தெங்காவில் சாவி வாங்கிய வாரமே சாம்பல் நிற டைல்ஸ் பார்க்கக் கிளம்பி, இதைக் கேட்டு முகம் தொங்கிப் போனாள். பழைய வீட்டுக்காரியான எனக்கு அந்தத் தடை இல்லை. வயதானதற்கு ஒரு சலுகை.

அவர் தந்த விலைப்பட்டியல் 5,600 வெள்ளி, ஒரே குளியலறைக்கு. அதில் பெர்மிட் விண்ணப்பத்துக்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. முதலாமவர் தாளில் அந்த வரி கிடையாது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1,100 வெள்ளி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது: உடைப்பது, குப்பை அகற்றுவது, இரண்டு பூச்சு நீர்த்தடுப்பு. ஒட்டுவதற்கு இவை எதுவும் வேண்டாமே.

விண்ணப்பம் என்றதும் நான் வரிசையில் நின்று எண் வாங்குவதாகக் கற்பனை செய்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. என் ஒப்புதலை வாங்கிக்கொண்டு குத்தகையாளரே இணையத்தில் அனுப்பிவிடுகிறார். எங்களுக்கு அனுமதி மூன்று வேலைநாளில் வந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளில் இருக்கும் நிபந்தனைகளை உட்கார்ந்து படிக்க வேண்டும். பழைய புளோக் வீடுகளுக்கு அனுமதி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும் (புதிய புளோக்குகளுக்கு மூன்று மாதம்). அதனால் டைல்ஸும் கழிவறைப் பீங்கானும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விண்ணப்பிப்பேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். எனக்கு அப்போது எரிச்சல். ஹாலில் இரண்டு வாரம் பெட்டிகளுக்கு நடுவே நடந்தோம். பிறகு நன்றி சொன்னேன்.

உடைக்கிற, அறுக்கிற சத்தமான வேலை எல்லாம் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். மற்ற வேலைகள் திங்கள் முதல் சனி வரை, மாலை 6 மணியோடு நிறுத்த வேண்டும். ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் எதுவும் கூடாது. தொடங்குவதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன்னதாக அக்கம்பக்கத்தாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நான் வெறும் சடங்கு என்றே நினைத்திருந்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, மகனுக்குப் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு, உடைப்பதை இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். தள்ளிப்போட்டோம். கடிதம் மட்டும் இல்லையென்றால், தேர்வுக்கு முந்திய நாள் டிரில் சத்தத்தில்தான் நாங்கள் அறிமுகமாகியிருப்போம்.

பெர்மிட் தாளை வீட்டு வாசலில் ஒட்டினார்கள். அதில் இருக்கும் நிறுவனப் பெயரும் விலைப்பட்டியலில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பதிவு இல்லாத சிலர் இன்னொருவர் பதிவில் அனுமதி வாங்கி வேலை செய்வதுண்டு. நாளைக்குக் கசிந்தால் யாரைப் பிடிப்பீர்கள்? எங்களுக்கு இரண்டு பெயரும் ஒன்றாகவே இருந்தன. குழாய் வேலைக்குப் பொதுப் பயனீட்டுக் கழக உரிமம் உள்ள பிளம்பரும், வாட்டர் ஹீட்டருக்கு எரிசக்திச் சந்தை ஆணைய உரிமம் உள்ள மின்பணியாளரும் தனித்தனியாக வந்தார்கள்.

வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் கட்டிவைத்த நாள். பூச்சு காய்ந்ததும் தரைவடிகாலை அடைத்து, தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரம் அப்படியே விட்டார்கள். அம்மா மணிக்கொருமுறை எழுந்துபோய் எட்டிப் பார்த்தார், ஏதோ மீன் விட்டு வளர்ப்பது போல. மறுநாள் குத்தகையாளரும் நானும் கீழே போய் மாக்சிக் வீட்டு சீலிங்கைத் தொட்டுப் பார்த்தோம். காய்ந்திருந்தது. மாக்சிக் எங்கள் இருவருக்கும் குவே பலகாரம் கொடுத்து அனுப்பினார்.

குறை இல்லாமல் இல்லை. டைல்ஸ் போட்ட பிறகு ஷவர் மூலையில் தண்ணீர் தேங்கியது. வாட்டம் சரியாக வரவில்லை. சொன்னதும் முகம் சுளித்தாலும், நான்கு டைல்ஸைப் பெயர்த்து மறுபடி போட்டார். குளியலறை வாசல் திண்டை இன்னும் உயர்த்தித் தரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். தரைப் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி ஒரு பக்கம், அம்மாவின் கால் தடுக்கும் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவது காரணத்தை நானே யோசித்திருக்க வேண்டும்.

22ஆம் நாள் வாசல் தாளைக் கழற்றினோம். அனுமதி நடைமுறைக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். குத்தகையாளருக்கு நான்கு, வாட்டத்துக்காக ஒன்று குறைத்தேன். கைப்பிடிக் கம்பிகளை மட்டும் அவரிடம் போடச் சொல்லவில்லை. 65 வயது நிரம்பிய குடிமக்கள் இருக்கும் வீடுகளுக்கு வீவக 'ஈஸ்' திட்டத்தில் பெரும்பகுதிச் செலவை அரசாங்கமே ஏற்றுக் கம்பி பொருத்தித் தருகிறது. விண்ணப்பம் போட்டாயிற்று. அதுவரை அம்மா குளிக்கப் போகும்போது நான் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.