ரெய்டரா, யூனிகார்னா? ஆடிக் காற்றில் போட்ட கணக்கு

பாளையங்கோட்டையில் வீடு, வள்ளியூரில் வேலை. தினமும் பைக்கில் போக 42 கிலோமீட்டர், வர 42. நாலுவழிச் சாலை என்பதால் ரோட்டைக் குறை சொல்ல முடியாது, ஆனால் நாங்குநேரி தாண்டியதும் காற்று ஆரம்பித்துவிடும். ஆனி பிறந்தால் ஆவணி முடியும்வரை மலை இடைவெளி வழியாக மேற்கிலிருந்து இறங்குகிற காற்று அது. அதை நம்பித்தான் பணகுடி, முப்பந்தல் பக்கமெல்லாம் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் தெற்கே போகும்போது அது பாதி எதிரிலும் பாதி பக்கவாட்டிலுமாக அடிக்கும்.

அந்தக் காற்றுக்கு எதிராக ஒரு நூறு சிசி வண்டியில் ஆறு வருடம் போய்வந்தேன். ஆடி மாதத்தில் டாப் கியரில் 60ஐத் தொடவே திணறும், ஒரு கியர் இறக்கினால் இன்ஜின் அலறும். பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்துவிட்டால் லாரியை முந்துவது பற்றி யோசிக்கவே கூடாது. 60,000 கிலோமீட்டரில் ஒரு தடவை இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (அதைத்தான் போர் போடுவது என்பார்கள்) பிஸ்டன் மாற்றினேன், ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் மறுபடியும் அதே வேலை. இரண்டாவது தடவை மெக்கானிக் சொன்னார்: "வண்டி மேல தப்பில்ல அண்ணாச்சி. எட்டு குதிரையையும் நாள் பூரா எட்டாவே விரட்டுனா அது என்ன செய்யும்?" அடுத்த வண்டியை அன்றைக்கே தேட ஆரம்பித்தேன்.

பட்ஜெட் ஆன்ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, ஒன்றரை லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. இது 2025 தொடக்கத்தில். அப்போது இருசக்கர வாகனத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். செப்டம்பர் 22இல் 350 சிசி வரைக்கும் 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், ஆகவே இப்போது வாங்குகிறவர்களுக்கு இதே வண்டிகள் நான் கொடுத்ததைவிடக் குறைவாகவே வரும். அதனால்தான் இங்கே விலைப் பட்டியல் எதுவும் போடவில்லை.

பட்டியலில் இருந்தவை நான்கு: டிவிஎஸ் ரெய்டர் 125, பஜாஜ் பல்சர் 150, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 (இரண்டு வால்வு), ஹோண்டா யூனிகார்ன். யமஹா எஃப்இசட்டையும் பார்த்தேன். ஓட்ட அருமையான வண்டிதான், ஆனால் அதன் பின் டயர் 140 அகலம், அதுவும் விலை கூடிய ரேடியல் ரகம். வருடத்துக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவன் அந்த டயரை எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கும் என்று யோசித்ததும் விட்டுவிட்டேன்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது டூவீலருக்கு வாழ்நாள் வரி ஒரு லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம். அப்புறம் இன்சூரன்ஸ். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 150ஐத் தாண்டி 350 வரை 7,365 ரூபாய், வரி தனி. யூனிகார்ன் 162.7 சிசி, அப்பாச்சி 159.7, ஆகவே இரண்டும் மேல் படியில் மாட்டிக்கொள்ளும். பல்சர் 150 பெயருக்கேற்றபடி 149.5 சிசியில் நின்று தப்பித்துக்கொள்ளும். ஆக, ஷோரூம் விலையில் பார்க்கிற வித்தியாசம் ஆன்ரோட்டில் இன்னும் விரிந்துவிடுகிறது. எனக்குக் கொடுத்த கொட்டேஷன்களில் ரெய்டருக்கும் யூனிகார்னுக்கும் நடுவே முப்பதாயிரத்துக்குச் சற்று மேலே இருந்தது. நடுத்தரக் குடும்பத்தில் அது சின்னத் தொகை இல்லை. அதைக் கொடுப்பதற்கு எனக்கு ஒரு வலுவான காரணம் தேவைப்பட்டது.

அந்தக் காரணம் எதுவென்றால், நான் தினமும் போகிற 65, 70 வேகத்தில் இன்ஜின் எவ்வளவு பாடுபடுகிறது என்பதுதான்.

எல்லோரும் பிஎஸ், அதாவது குதிரைத்திறன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அதை மட்டும் பார்த்தால் அப்பாச்சிக்கு 16, பல்சருக்கு 14, யூனிகார்னுக்கு 13 சொச்சம், ரெய்டருக்கு 11.4. அப்படிப் பார்த்தால் அப்பாச்சியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 16 பிஎஸ் வருவது இன்ஜின் நிமிடத்துக்கு 8,750 சுற்று சுற்றும்போது. வேலைக்குப் போகிறவன் யாரும் அந்தச் சுற்றில் 42 கிலோமீட்டர் போக மாட்டான். நமக்கு வேண்டியது நடுச் சுற்றில் என்ன கிடைக்கிறது என்பது. அதைச் சொல்வது டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, அது எந்தச் சுற்றில் உச்சத்துக்கு வருகிறது என்ற எண்ணும் கூடவே வேண்டும். யூனிகார்னில் 14.58 நியூட்டன் மீட்டர், 5,250 சுற்றில். அப்பாச்சியில் 13.85, 7,000 சுற்றில். பல்சரில் 13.25, 6,500 சுற்றில். ரெய்டரில் 11.2, 6,000 சுற்றில்.

டார்க்கைச் சுற்றால் பெருக்கி 7,023ஆல் வகுத்தால் அந்தச் சுற்றில் கிடைக்கிற பிஎஸ் வந்துவிடும். யூனிகார்னுக்குப் போட்டுப் பாருங்கள், 5,250 சுற்றிலேயே ஏறத்தாழ 11 பிஎஸ். ரெய்டர் தன் முழுப் பலத்தையும் திரட்டி 7,500 சுற்றில் கொடுப்பது 11.4. அதாவது ரெய்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டுகிற இடத்துக்குக் கிட்டத்தட்ட யூனிகார்ன் பாதி மூச்சில் வந்துவிடுகிறது. இந்த ஒரு கணக்கைப் போட்ட இரவே என் மனம் சாய்ந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

காற்றையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 65இல் போகும்போது எதிரே 30 வேகத்தில் காற்று அடித்தால் வண்டி படுகிற பாடு 95இல் போவதற்குச் சமம், தடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதை உடைக்கத் தேவையான பவர் இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் ஒன்றுதான், ஏனென்றால் காற்றில் மோதுவது பெரும்பாலும் நம் உடம்புதான். ஒரு வண்டி அதைத் தன் பலத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துக் கொடுக்கிறது, இன்னொன்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு கொடுக்கிறது. அந்த மிச்சம்தான் லாரியை முந்தும்போது கைக்கு வருகிறது. இன்ஜின் தேய்மானமும் அதே இடத்தில்தான் தீர்மானமாகிறது. என் பழைய வண்டி இரண்டு தடவை போர் போட்டதற்குக் காரணம் அதன் தரம் கிடையாது, அதை நான் தினமும் அதன் எல்லையிலேயே ஓட்டினேன்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். உச்ச டார்க் ஒரே ஒரு புள்ளி, அதற்கு முன்னும் பின்னும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அது சொல்லாது. கியர் விகிதமும் ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. அதனால் காகிதத்தோடு நிறுத்தவில்லை, நான்கையும் ஓட்டிப் பார்த்தேன். ஷோரூமில் தெருமுனை வரைதான் விட்டார்கள், அது எதற்கும் உதவாது. தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி, மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, மூன்றடைப்பு வரை ஒவ்வொன்றையும் ஓட்டினேன். அப்பாச்சியில் இழுவை பிரமாதம், முறுக்கினால் சீறிக்கொண்டு போகிறது, ஆனால் அந்தச் சீற்றம் மேல் சுற்றில்தான், ஐந்தாவது கியரில் 50இலிருந்து 70க்குப் போக ஒரு கியர் இறக்கவே கால் போனது. பல்சர் நடுவில் நின்றது, எதிலும் குறை இல்லை. எனக்கு வயது இன்னும் முப்பதாக இருந்திருந்தால் அப்பாச்சியைத்தான் எடுத்திருப்பேன். யூனிகார்னில் ஐந்தாவது கியரிலேயே, ஆள் இருக்க, அப்படியே ஏறியது. இறங்கியதும் மனைவி சொன்னது ஒன்றுதான்: "ஏங்க, இதுல கால் மரத்துப் போகல." அவள் நீளமான சீட்டைச் சொன்னாள், நான் இன்ஜினையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

ரெய்டர் நல்ல வண்டி. இதை முழு மனதோடு சொல்கிறேன். மூன்று வால்வு இன்ஜின், கீழ் சுற்றிலேயே துள்ளுகிறது, 123 கிலோதான் எடை, 780 மில்லிமீட்டர் சீட் உயரத்தில் யாருக்கும் கால் தரையில் ஊன்றும். டவுனுக்குள் ஓட்டினால் யூனிகார்னைவிட எனக்கு அதுதான் பிடித்தது. எங்கள் நெல்லை வண்ணாரப்பேட்டை சிக்னலில் நெளிந்து போவதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் பக்கவாட்டுக் காற்றில் அந்தக் குறைந்த எடையே எதிராகத் திரும்புகிறது என்று நினைக்கிறேன். யூனிகார்ன் 139 கிலோ. பாலத்தின் மேல் காற்று வந்து தள்ளும்போது அந்தப் பதினாறு கிலோவை உணர முடிகிறது. இது என் கைக்குத் தெரிந்தது, அளந்து பார்த்ததில்லை. இன்னொன்று, 125 சிசிக்கு மேல் போனால் ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது) கட்டாயம், 125 வரைக்கும் சிபிஎஸ் (ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து பிடிப்பது) போதும் என்பதுதான் நான் வாங்கியபோது சட்டம், 2019லிருந்து அப்படி. நாலுவழிச் சாலையில் மாடு குறுக்கே வருகிற ஊரில் முன் சக்கரத்துக்காவது ஏபிஎஸ் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி பணக் கணக்கு. யூனிகார்ன் எனக்கு லிட்டருக்கு 50 கொடுக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அதே ரோட்டில் ரெய்டரில் வருகிறார், அவருக்கு 58. வருடத்துக்கு 24,000 கிலோமீட்டர் என்றால் எனக்கு 480 லிட்டர், அவருக்கு 414. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் நான் வருடம் 6,700 ரூபாய் அதிகமாகக் கொடுக்கிறேன். அதோடு முதலில் கொடுத்த முப்பதாயிரம். இன்சூரன்ஸும் ஐந்து வருடத்துக்குப் பிறகு, 2022 கட்டணப்படி, வருடா வருடம் 714க்குப் பதில் 1,366. ஆக, ரூபாயை மட்டும் வைத்துப் பார்த்தால் ரெய்டர்தான் ஜெயிக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆடி, ஆவணியில் அவருடைய மைலேஜ் 51க்கு இறங்கியது, என்னுடையது 47க்கு. எட்டு கிலோமீட்டர் இடைவெளி நாலாகச் சுருங்கிவிட்டது. ஒரே ஒரு ஆளோடு ஒப்பிட்ட கணக்கு இது, அவர் முறுக்கும் பேர்வழியும்கூட, ஆகவே இதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பந்தயமெல்லாம் 60,000 கிலோமீட்டருக்கு அப்புறம் இன்ஜின் எப்படி இருக்கும் என்பதில் இருக்கிறது. இதுவரை 24,000தான் ஓடியிருக்கிறது. ஆயிலை மெக்கானிக் சொன்னபடி 3,000க்கு ஒரு தடவை மாற்றுகிறேன். ஏர் ஃபில்டர் எண்ணெய்ப் பசை உள்ள காகித வகை, ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, புதிதுதான் போட வேண்டும், இதைத் தெரியாமல் ஊதிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. பின் டயர் 100/90, 18 அங்குலம், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற அளவு. செயின் ஸ்ப்ராக்கெட் இன்னும் மாற்றவில்லை. இந்த அளவு ஓட்டத்தில் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ரீசேல் பற்றிப் பேசவே இல்லையே என்றால், வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியை யாரும் நல்ல விலைக்குக் கேட்கப் போவதில்லை, ஓயும்வரை நானேதான் ஓட்டுவேன்.

யூனிகார்னில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. இந்த விலைக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். முன் டயர் 80 அகலம், மழையில் கொஞ்சம் நம்பிக்கை குறைகிறது. தோற்றத்தில் 2004இல் வந்த முதல் யூனிகார்னிலிருந்து பெரிதாக நகரவில்லை, பையன்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் 13 லிட்டர் டேங்க் என்பதால் வாரத்துக்கு ஒரு தடவை பங்க்கில் நின்றால் போதும். ரெய்டரின் 10 லிட்டரில் அதை இழுத்துப் பிடித்துத்தான் ஓட்டியிருக்க வேண்டும்.

போன வாரம் மச்சான் வந்து அதே மாடலை எடுக்கட்டுமா என்று கேட்டான். அவனுக்குப் பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரைதான் ஓட்டம், ஒரு நடைக்கு ஆறு கிலோமீட்டர், முழுக்க நெரிசல். ரெய்டரை எடு, மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்கு என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை புக் பண்ணிவிட்டான்.