கஹூட்டா, பேட்லெட்டா: இணையவழித் தமிழ் வகுப்பில் குழந்தையைப் பேச வைப்பது எது?

வட அமெரிக்காவில் வளரும் ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை ஜூம் வழியாகத் தமிழ் கற்பிக்கிறேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் தன்னார்வமாகப் பாடம் நடத்துவோர் பலரும், பருவம் தொடங்கும்போதெல்லாம் எந்தக் கருவியை எடுத்துக்கொள்வது என்று விசாரிக்கிறார்கள். வினாடி வினா விளையாட்டான கஹூட், குரலையும் படத்தையும் ஒட்டிவைக்கும் தளமான பேட்லெட் இரண்டையும் வகுப்பில் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு நான் பேட்லெட்டையே முதன்மையாக வைத்துக்கொண்டேன்.

கஹூட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த வினாடி வினாத் தளம் அது. கணக்குத் தொடங்காமலே, ஆசிரியர் காட்டும் எண்ணையும் ஒரு பெயரையும் உள்ளிட்டுச் சேர்ந்துவிடலாம். இசையும் ஓடும் கடிகாரமும் வெற்றி மேடையும் சோர்ந்த வகுப்பைக்கூட நிமிர்த்திவிடும். சொற்பட்டியலை மனத்தில் பதிய வைக்கக் குவிஸ்லெட்டும், சொல்லையும் படத்தையும் பொருத்தும் பயிற்சிக்கு வேர்ட்வாலும் போதுமானவை. இவை மூன்றும் விடையை அடையாளம் காணச் செய்யும் கருவிகள் என்பதால் ஒரே வரிசையில் வைக்கிறேன்.

தமிழ் வகுப்பில் கஹூட்டுக்கு இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது வேகம். அதன் வழக்கமான மதிப்பெண் முறையில் உடனே சரியாக விடையளித்தவருக்கு ஆயிரத்தை ஒட்டியும், நேரம் முடியும் தறுவாயில் சரியாக விடையளித்தவருக்கு ஐந்நூறை ஒட்டியும் புள்ளிகள் கிடைக்கின்றன. வீட்டில் பாட்டியுடன் வளர்வதால் சரளமாக வாசிக்கும் குழந்தையும், எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தையும் ஒரே வகுப்பில் இருக்கும்போது, இருவரும் விடை அறிந்திருந்தாலும் வாசிப்பு வேகமே வெற்றியைத் தீர்மானித்துவிடுகிறது. நேரத்தை நான்கு நிமிடம் வரை நீட்டலாம், புள்ளியையே நீக்கியும் விடலாம். ஆனால் அப்போது விளையாட்டின் சுவை போய்விடும்.

இரண்டாவது தட்டச்சு. விடையைத் தட்டச்சு செய்யும் வகைக் கேள்வியில் ‘ஔவை’ என்பதை ஒரு குழந்தை ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்தாக அடித்து ‘ஒளவை’ என்று அனுப்பினால், திரையில் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் அவை வெவ்வேறு என்பதால் கருவி தவறு என்று காட்டுகிறது. ஏற்கத்தக்க விடையாக இரண்டையும் முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம் என்றாலும், ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி யோசித்துக்கொண்டிருப்பது ஆசிரியருக்குப் பெரும் வேலை.

எனினும், என்னைப் பேட்லெட்டின் பக்கம் திருப்பியது வேறொரு காரணம்: ஒரு வாரத்தில் ஒரு குழந்தை தன் வாயால் எவ்வளவு தமிழ் பேசுகிறது என்பதே அது. ஒரு மணி நேர வகுப்பில் பதினைந்து குழந்தைகள் இருந்து, பாதி நேரத்தை ஆசிரியர் எடுத்துக்கொண்டால், ஒரு குழந்தையின் பங்குக்கு வருவது இரண்டு நிமிடம். அதிலும் ஒலிவாங்கியை முடுக்கத் தயங்குவதும் இணைப்பு அறுந்துபோவதும் கழியும். அந்த இரண்டு நிமிடத்தையும் கஹூட் எடுத்துக்கொண்டால், குழந்தை மகிழ்ச்சியாக, ஒரு சொல்கூடப் பேசாமல் வகுப்பை முடித்துவிடும். ஆங்கிலமே நாள் முழுதும் காதில் விழும் ஊரில் இந்த இழப்பு சாதாரணமானதன்று.

பேட்லெட் ஓர் இணையச் சுவர். அதில் எழுத்து, படம், குரல் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். சுவரைக் குழந்தைக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்துக்கொண்டு, வாரம் ஒரு குரல்பதிவு கேட்கிறேன். ‘உங்கள் வீட்டுச் சமையலறையில் இப்போது யார் என்ன செய்கிறார்கள்?’ என்று கேட்ட வாரம் ஒரு சிறுமி, “அம்மா வெங்காயம் கட் பண்றாங்க, அப்பா பிளேட் எடுத்து வைக்கிறாங்க” என்று பதிந்திருந்தாள். பின்னால் தாளிக்கும் சத்தமும் கேட்டது. அதன் கீழேயே, “அம்மா வெங்காயம் நறுக்குறாங்களா? அப்பா எத்தனை தட்டு வைக்கிறாங்க?” என்று என் குரலில் கேட்டேன். அவள் மறுமுறை பதிந்தபோது ‘நறுக்குறாங்க’, ‘தட்டு’ இரண்டும் தாமாகவே வந்திருந்தன. திருத்தம் ஓர் உரையாடலாக அமைந்துவிட்டால் குழந்தை முகம் வாடுவதில்லை.

இன்னொரு பயனும் உண்டு. ஒட்டுவதற்கு முன் தன் குரலைத் தானே கேட்கும் குழந்தை, ‘பழம்’ என்பது ‘பலம்’ என்று ஒலித்ததை உணர்ந்து அழித்துவிட்டு மீண்டும் பேசுகிறது. யாரும் கட்டாயப்படுத்தாத இந்தப் பயிற்சியை வகுப்பு நேரத்திற்குள் தர எந்த ஆசிரியராலும் இயலாது.

இதற்கான விலை ஆசிரியரின் நேரம். கஹூட் தானே திருத்திக்கொள்ளும், ஒருமுறை உருவாக்கிய வினாத்தொகுப்பு அடுத்த ஆண்டுக்கும் உதவும். பேட்லெட்டில் ஒவ்வொரு குரலையும் உட்கார்ந்து கேட்டுப் பதிலளிக்க வேண்டும். வாரந்தோறும் அந்த நேரத்தை ஒதுக்க இயலாதவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பதில் வராத சுவரில் குழந்தைகள் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். இலவசக் கணக்கில் ஒரு சில சுவர்களே கிடைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சுவரை பிடிஎஃப் ஆக எடுத்தால் அதில் குரல் வராது என்பதால், பதிவுகளைத் தனியே இறக்கி வைப்பது அவசியம். தளமே ஒருநாள் மூடப்படலாம் என்பதும் இதற்கு ஒரு காரணம்: குரல்பதிவுக்குப் பல ஆசிரியர்கள் நம்பியிருந்த ஃபிளிப் 2024 ஜூலையில் தனித்தளமாக இயங்குவதை நிறுத்தியது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு அதே ஆண்டு இறுதியில் மூடப்பட்டது.

எழுத்து அறிமுகமே ஆகாத தொடக்க நிலைக் குழந்தைகளுக்கு ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் பழக்குவதில் கஹூட் நன்றாகவே உதவுகிறது. அந்த நிலையில் பேட்லெட்டை நான் அதிகம் முயன்றதில்லை. பெரியவர்களுக்குக் கற்பித்த அனுபவமும் எனக்குக் குறைவு. என் வகுப்பில் இப்போது கஹூட் கடைசிப் பத்து நிமிடத்திற்கு மட்டும் வருகிறது, அதுவும் அந்த வாரக் குரல்பதிவுகளில் குழந்தைகள் பயன்படுத்திய சொற்களைக் கொண்டே.

பேட்லெட்டைத் தொடங்குவோர் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. சுவருக்குக் கடவுச்சொல் வையுங்கள். ஆசிரியர் ஒப்புதல் அளித்த பிறகே பதிவு தெரியுமாறு அமையுங்கள். முழுப்பெயருக்குப் பதில் முதலெழுத்தை மட்டும் இடுங்கள். பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் தகவல்களை இணையத்தில் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். குழந்தையின் குரலும் அதில் அடங்கும். ஆகவே பெற்றோரிடம் எழுத்துவழி ஒப்புதல் பெற்ற பிறகே முதல் பதிவைக் கேளுங்கள்.